பெரட்டுத் தப்பும் பெயரில்லாக் கலைஞரும்

1930களில் ஷங்காய் நடன அரங்குகளில் வாசித்த பிலிப்பைன்ஸ் நாட்டவரை இசை வரலாறு பெரிதும் மறந்தது. எனினும் அவர்கள் இசைஞராகவே ஊதியம் பெற்றனர். தமிழகத்திலிருந்து இரத்தினபுரி, கேகாலை இறப்பர்த் தோட்டங்களுக்கு வந்த தப்புக் கலைஞருக்கு அதுவும் வாய்க்கவில்லை. செக்றோலில் அவர்கள் தொழிலாளர் மட்டுமே. விடியுமுன் பெரட்டுக்கு ஆளெழுப்பிய தப்பே மாசியில் காமன் கூத்துக்கும் முழங்கிற்று. சாவு வீட்டிலும் அதுவே. ஒவ்வொன்றுக்கும் அடி வேறு. கேட்ட மாத்திரத்தில் நிகழ்ந்தது இன்னதென லயம் முழுவதும் அறியும். (தாளத்தோடு இயைந்த இச்சொல் தோட்டத்தில் குடியிருப்பைக் குறிப்பது தற்செயலே.)

சி. வி. வேலுப்பிள்ளையின் ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ (1983) சொற்களைக் காத்தது, அது பெருந்தொண்டு. ஆயின் சொற்களைத் தாங்கிய அடி ஏட்டில் அடங்குவதன்று. பாடலைச் சொல்லாக மட்டும் காணும் திறனாய்வு, அடித்த கையைக் கணக்கில் எடுப்பதில்லை. இதற்கு அச்சின் எல்லை மட்டும் காரணமன்று. பறையடிப்பதை இழிதொழிலாக எண்ணிய சாதி மனமும் இதிலுண்டு. மிருதங்கமும் தோற்கருவியே என்பதை அம்மனம் வசதியாக மறந்தது. ரதியின் புலம்பலுக்கு எந்த அடி என்பதை, தப்பைத் தீயில் காய்ச்சும் முதியவரிடமே இன்றும் கேட்டறிய வேண்டியுள்ளது.