பழைய அரட்டைச் செயலிகளைப் பிரித்துப் பார்த்தவர்கள்

1999 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட எம்எஸ்என் மெசஞ்சரில் ஒரு கூடுதல் வசதி இருந்தது. ஏஓஎல் நிறுவனத்தின் ஏஐஎம் செயலியை வைத்திருக்கும் நண்பர்களோடும் அதிலிருந்தே பேசலாம். ஏஓஎல் இதற்கு அனுமதி தரவில்லை; ஏஐஎம் செயலி பயன்படுத்திய நெறிமுறையின் விவரத்தையும் தரவில்லை. அச்செயலிக்கும் சர்வருக்கும் இடையே ஓடும் தரவை மைக்ரோசாஃப்ட் பொறியாளர்கள் பைட் பைட்டாகக் கவனித்து, அதைப் போலவே பேசும் நிரலை எழுதிவிட்டார்கள். ஏஓஎல் தடுத்தது, மைக்ரோசாஃப்ட் மாற்றி எழுதியது, மறுபடியும் தடை வந்தது. சில வாரம் இப்படியே போனபின் ஏஓஎல் எடுத்த ஆயுதம், தன் செயலியிலேயே இருந்த ஒரு பாதுகாப்பு ஓட்டை.

நினைவகத்தில் ஒதுக்கிய இடத்தைவிட நீளமான ஒரு செய்தியை சர்வர் அனுப்பும். ஏஐஎம் செயலி நீளத்தைச் சரிபார்க்காமல் வாங்கிக்கொள்ளும். மிஞ்சிய பைட்டுகள் பக்கத்து நினைவகத்துக்குள் வழிந்து கட்டளைகளாக இயங்கி, செயலியின் உள்ளிருந்தே ஒரு பதிலை சர்வருக்கு அனுப்பும். பதில் வந்தால் அசல் ஏஐஎம். வராவிட்டால் போலி என்று இணைப்பு துண்டிக்கப்படும். பஃபர் ஓவர்ஃப்ளோ எனப்படும் இதே வழியில்தான் தாக்குபவர்கள் அடுத்தவர் கணினியைக் கைப்பற்றுகிறார்கள். போட்டியாளரை வெளியே நிறுத்த, தன் பயனர்களின் கணினியில் இருந்த அந்த ஓட்டையை ஏஓஎல் அடைக்காமல் பயன்படுத்திக்கொண்டது.

இப்படி ஒரு செயலியைப் பிரித்துப் பார்த்து அறியும் ரிவர்ஸ் இன்ஜினியரிங்கை ஒரு தரப்பு ஹீரோ வேலையாகக் கொண்டாடுகிறது. இன்னொரு தரப்பு திருட்டு என்கிறது. பழைய அரட்டைச் செயலிகளின் வரலாறு இரண்டையுமே ஏற்கவில்லை. பிரித்துப் பார்ப்பது அவசியமான வேலை என்பதே என் கருத்து. ஆனால் அதன் மதிப்பு, கண்டுபிடித்ததை வைத்து அடுத்து என்ன செய்தார்கள் என்பதில்தான் இருக்கிறது.

முதலில் அதன் பலம். மறைத்து வைத்தாலே பாதுகாப்பு என்ற நம்பிக்கையை அது உடைத்தது. ஏஓஎல் தானே வெளியிட்ட டாக் என்ற எளிய நெறிமுறையில், கடவுச்சொல்லை 'டிக்/டாக்' என்ற நிலையான சொல்லோடு எழுத்துக்கு எழுத்து எக்ஸார் (பிட்டுகளை ஒப்பிடும் எளிய கணக்கு) செய்து அனுப்பினார்கள். ஆங்கிலச் சிறிய 'பி'யின் எண் 112, பெரிய 'டி'யின் எண் 84. இரண்டையும் எக்ஸார் செய்தால் 36. அந்த 36ஐ மறுபடி 84ஓடு எக்ஸார் செய்தால் 112 திரும்பி வந்துவிடும். அதாவது, கம்பியில் போகும் தரவைப் பார்க்க முடிந்த எவரும் கடவுச்சொல்லைப் படித்துவிடலாம். டாக் வெளிப்படையான நெறிமுறை என்பதால் இதில் ஒளிவுமறைவு இல்லை. ஆனால் ஏஐஎம் செயலி பயன்படுத்திய, ஆவணம் தரப்படாத ஆஸ்கர் நெறிமுறையைப் பிரித்தபோதும் அங்கே கிடைத்தது இதே வித்தைதான். மாறாத 16 பைட்டுகளோடு ஒரு எக்ஸார், அவ்வளவே. பின்னர் அந்த முறை மாற்றப்பட்டது. பிரித்துப் பார்த்தவர்கள் இல்லையென்றால், தங்கள் கடவுச்சொல் எவ்வளவு மெல்லிய திரைக்குப் பின்னால் போகிறது என்று பயனர்களுக்குத் தெரிந்திருக்க வழியே இல்லை.

இரண்டாவது பலம் இதைவிடப் பெரியது. நெறிமுறைகளைப் பிரித்துப் படித்து எழுதப்பட்ட கெய்ம் என்ற திறந்தமூலச் செயலி, பின்னாளில் பிட்ஜின் என்று பெயர் மாறியது. லினக்ஸ் வைத்திருந்தவர்களுக்கு அது பல அரட்டை வலைகளின் கதவைத் திறந்தது. 2004இல் நிகிதா போரிசோவ், இயன் கோல்ட்பெர்க், எரிக் புரூவர் ஆகிய மூவரும் ஓடிஆர் என்ற குறியாக்க முறையை முன்வைத்தபோது, அதை ஒட்டவைக்க இடம் கொடுத்ததும் இந்தச் செயலிதான். ஏஓஎல், யாஹூ சர்வர்கள் வழியே போனாலும் அந்த நிறுவனங்களே படிக்க முடியாத உரையாடல் சாத்தியமானது. இன்று வாட்ஸ்அப் பயன்படுத்தும் சிக்னல் நெறிமுறையின் மூதாதையரில் ஓடிஆரும் ஒன்று.

இனி குறைகள். ஆவணம் இல்லாமல் கட்டிய நிரலில் ஊகம் நிறைய இருக்கும். எந்தப் புலம் எவ்வளவு நீளம் வரலாம், தவறான வரிசையில் செய்தி வந்தால் என்ன செய்வது என்பதையெல்லாம் பார்த்த மாதிரிகளை வைத்தே முடிவுசெய்ய வேண்டும். தாக்குபவர் அனுப்புவதோ, யாரும் பார்த்திராத மாதிரியை. 2009இல் பிட்ஜினின் அடித்தள நூலகமான லிப்பர்ப்பிளில், எம்எஸ்என் செய்திகளைக் கையாளும் பகுதியில் கடுமையான ஓட்டை ஒன்று வெளியானது. பயனர் எதையும் கிளிக் செய்யாமலே, உரிய முறையில் வடிவமைத்த செய்தி வந்தால் போதும், தாக்குபவரின் நிரல் பயனரின் கணினியில் இயங்கும் அபாயம் இருந்தது. அதே நூலகத்தை நம்பியிருந்த மேக் செயலியான அடியத்தையும் அது பாதித்தது.

இரண்டாவது குறை நேர்மை சார்ந்தது. 1999 ஆகஸ்டில் பாதுகாப்பு ஆய்வாளர் ரிச்சர்ட் ஸ்மித்துக்கு 'பில் பக்கிங்' என்பவரிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. தனியாக மென்பொருள் எழுதுபவர் என்று சொல்லிக்கொண்டு, ஏஓஎல் பயன்படுத்திய அந்த ஏஐஎம் ஓட்டையை விவரித்திருந்தார். மின்னஞ்சலின் தலைப்பு வரிகளில் இருந்த ஐபி முகவரியோ மைக்ரோசாஃப்டைக் காட்டியது. அப்போது அங்கே பணியாற்றிய டேவிட் ஆவர்பாக், 2014இல் எழுதிய கட்டுரையில் உள்ளே நடந்ததை விவரித்திருக்கிறார். மின்னஞ்சல் சொன்ன ஓட்டை உண்மை, எழுதியவர் பொய். விளைவு, ஏஓஎல் தன் பயனர்களுக்குச் செய்ததைக் கேள்வி கேட்க வேண்டிய நேரத்தில் பேச்சு மைக்ரோசாஃப்டின் முகமூடி பக்கம் திரும்பிவிட்டது. பயனர் பாதுகாப்புக்காகப் பேசுகிறவர் தன் பெயரை மறைத்துப் போட்டியாளரை அடித்தால், சொன்ன உண்மையும் சேர்ந்து கெட்டுப்போகும்.

2002 தொடக்கத்தில் இன்னொரு சோதனை. ஏஐஎம் செயலியில் விளையாட்டு அழைப்பைக் கையாளும் இடத்தில் மறுபடி ஒரு பஃபர் ஓவர்ஃப்ளோ. கண்டுபிடித்த 'வூவூ' குழு, ஏஓஎல்லுக்குத் தெரிவித்தும் பதில் இல்லை என்று கூறி, தாக்கிக் காட்டும் நிரலோடு விவரத்தை வெளியிட்டது. ஏஓஎல் தன் சர்வரிலேயே வடிகட்டி போட்டுச் சீக்கிரம் அடைத்தது. வெளியிட்டதால்தான் அசைந்தது என்று குழுவை ஆதரிப்பவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் செயல்படும் நிரலைத் திருத்தத்துக்கு முன்பே தெருவில் விட்டால், முதலில் மாட்டுவது நிறுவனமல்ல, பயனர். ஓட்டையை அறிவிப்பதற்கும் ஆயுதத்தை விநியோகிப்பதற்கும் இடையே உள்ள கோட்டை அந்தக் குழு தாண்டியது என்றே கருதுகிறேன்.

அப்படியானால் பிரிக்க முடியாதபடி செயலியை இறுக்கிப் பூட்டிவிடலாமா? ஸ்கைப் அதைத்தான் முயன்றது. 2006இல் பிலிப் பியாண்டி, ஃபாப்ரிஸ் டெக்லோ என்ற ஆய்வாளர்கள் இருவரும் அதைப் பிரித்துக் காட்டியபோது, குறியாக்கம் செய்த நிரல் பகுதிகள், தன்னைத்தானே சோதிக்கும் நூற்றுக்கணக்கான சரிபார்ப்புகள், நிரலை ஆராயும் கருவியான டீபக்கரைக் கண்டால் வழிமாற்றும் பொறிகள் என அடுக்கடுக்காகப் பூட்டுகள் இருந்தன. அத்தனைக்கும் உள்ளே ஒரு நினைவக ஓட்டையும் இருந்தது. பூட்டுகள் ஓட்டையை நீக்கவில்லை. பார்க்க வருகிற நேர்மையான ஆய்வாளரின் வேலையைத்தான் கடினமாக்கின.

ஏஐஎம் 2017 டிசம்பரிலும், இன்னொரு பழைய அரட்டைச் செயலியான ஐசிக்யூ 2024 ஜூனிலும் மூடப்பட்டன. சண்டை மூடப்படவில்லை. 2023 டிசம்பரில் பீப்பர் மினி என்ற செயலி, ஆப்பிளின் ஐமெசேஜ் நெறிமுறையைப் பிரித்துப் படித்து ஆண்ட்ராய்டுக்குக் கொண்டுவந்தது. சில நாளிலேயே ஆப்பிள் தடுத்தது. பயனர் பாதுகாப்பே காரணம் என்றது. ஆனால் அதுவரை ஐஃபோனிலிருந்து ஆண்ட்ராய்டுக்குப் போன செய்திகள் குறியாக்கம் இல்லாத எஸ்எம்எஸ்ஸாகத்தான் போய்க்கொண்டிருந்தன. பாதுகாப்பு என்ற சொல்லை வேலியாகப் பயன்படுத்தும் பழக்கம் 1999இலிருந்து மாறவில்லை.

இதிலிருந்து வெளியேற ஒரு வழி தெரிகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சந்தைச் சட்டம், வாட்ஸ்அப் போன்ற பெரிய சேவைகள், கேட்கும் பிற அரட்டைச் சேவைகளுக்கு இணைப்பு வழங்க வேண்டும் என்கிறது. அதுவும் குறியாக்கத்தின் தரம் குறையாமல். ஆவணம் கையில் இருந்தால் ஊகத்தில் கட்டிய நிரலும் வேண்டாம், ஒளிந்து பேசும் ஆய்வாளரும் வேண்டாம். இந்தியாவில் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, வேறு வழியில் எளிதாகக் கிடைக்காத இணைப்பு விவரங்களுக்காக ஒரு நிரலை ஆராய்வதை அனுமதிக்கிறது. ஆனால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஆம் பிரிவில், நல்லெண்ணத்தோடு ஓட்டை தேடுபவருக்கு என்று தனி விலக்கு இல்லை. தன் பெயரைச் சொல்லி, நிறுவனத்துக்குத் திருத்த அவகாசம் கொடுத்து, பிறகு வெளியிடும் ஆய்வாளரைச் சட்டம் பாதுகாக்க வேண்டும். அந்தப் பாதுகாப்பு இல்லாதவரை நேர்மையானவர்கள் ஒதுங்கி நிற்பார்கள். ஓட்டைகளைத் தேடும் வேலை, அவற்றை விற்பவர்கள் கைக்கே போய்ச் சேரும்.