அடுத்த சீசனுக்காகவே வாழும் அணிகள்

பதினெட்டு வயதுப் பையன் ஒருவனை டிராஃப்டில், அதாவது புது வீரர் தேர்வில் எடுத்து, அவன் இருபத்தேழு வயதில் ஆடப்போகும் ஆட்டத்துக்காக இன்றைக்குத் தோற்றுக்கொண்டிருக்க வேண்டும். ‘பஸர்பீட்டர்’ விளையாட்டில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள் புதியவர்களுக்குச் சொல்லும் முதல் பாடம் இதுதான்.

2007 முதல் இணையத்தில் நடந்துவரும் கூடைப்பந்து மேலாளர் விளையாட்டு அது. பந்தைத் தொடும் வேலையே கிடையாது. யாரை இறக்குவது, யாரை விற்பது, அரங்கத்தில் எத்தனை இருக்கை கூட்டுவது, டிக்கெட்டை என்ன விலைக்கு வைப்பது என்று முடிவெடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஒரு லீக்கில் 16 அணிகள், 22 லீக் ஆட்டங்கள். 14 வாரத்தில் சீசன் முடிந்ததும் எல்லா வீரருக்கும் ஒரு வயது கூடும். ஆக, அந்தப் பையன் 18-லிருந்து 27 ஆக ஒன்பது சீசன், அதாவது 126 வாரம். நம் நாட்காட்டியில் இரண்டு வருடம் ஐந்து மாதம்.

கூமாப்பட்டிக்காரனான எனக்கு இந்தக் காத்திருப்பு ஒன்றும் புதிதில்லை. நெட்டை ரகத் தென்னை வைத்தால் காய் பார்க்க ஆறேழு வருடம் ஆகும். ஆனால் தென்னை வைத்த யாரும் அதுவரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதில்லை. வரிசைக்கு நடுவே உளுந்தோ வாழையோ போட்டு அந்தந்த வருடச் செலவை எடுத்துவிடுவார்கள். பஸர்பீட்டரின் நீண்டகால வித்தையில் எனக்கு உறுத்துவது இந்த ஊடுபயிர் இல்லாததுதான்.

முதலில் அந்த வித்தையின் நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். பயிற்சி வாரத்துக்கு ஒருமுறைதான். ஒரு வீரனுக்கு முழுப் பயிற்சி ஏற வேண்டுமானால், பயிற்சிக்குரிய இடத்தில் அவன் அந்த வாரம் 48 நிமிடம் ஆடியிருக்க வேண்டும். வாரத்துக்கு மூன்று ஆட்டம், ஓர் இடத்துக்கு 144 நிமிடம். எனவே ஓர் இடத்துக்கு மட்டும் பயிற்சி வைத்தால் மூன்று பேர், இரண்டு இடத்துக்கு வைத்தால் ஆறு பேர், ஆனால் வேகம் குறையும். வயது ஏற ஏறப் பயிற்சி மந்தமாகும். உயரமானவனுக்கு உள்வட்டத் திறமைகள் சீக்கிரம் வரும், குட்டையானவனுக்குக் கார்டு வேலை. ஒவ்வொருவனுக்கும் பிறக்கும்போதே எழுதிவைத்த வரம்பு ஒன்றும் உண்டு. அதைத் தொட்டபின் எவ்வளவு தலைகீழாக நின்றாலும் நத்தை நடைதான். இத்தனையும் தெரிந்தவன் இளம் கால்களில் பணத்தைப் போடாமல் வேறெங்கே போடுவான்?

நுட்பமான லாபம் சம்பளத்தில் இருக்கிறது. சம்பளம் சீசனுக்கு ஒருமுறை திறமையைப் பார்த்து மாறும், அதில் ஆடும் இடத்தின் முக்கியத் திறமைகளுக்கே எடை அதிகம். ரீபவுண்டையும் உள்வட்டத் தடுப்பையும் மட்டும் ஏற்றிய சென்டரின் சம்பளம் எகிறிவிடும். அவனுக்கே கொஞ்சம் பாஸிங், கொஞ்சம் பந்துக் கையாளல் சேர்த்துவிட்டால் அணியின் ஆட்டம் மெருகேறும், சம்பளப் பட்டியலில் அவ்வளவாகத் தெரியாது. இப்படிப்பட்ட வீரனைச் சந்தையில் வாங்கப் போனால் விலை கட்டாது. வளர்த்துத்தான் எடுக்க வேண்டும். வாங்கிச் சேர்த்த நட்சத்திரங்களோடு ஒரே சீசனில் மேலேறி, அடுத்த சீசனில் சம்பளம் கொடுக்க வழியில்லாமல் சறுக்கும் அணிகளை நிறையப் பார்க்கலாம். 2025-இல் ரீல்ஸ் புண்ணியத்தில் எங்கள் ஊரைத் தேடி வந்து, பிளவக்கல் அணையைப் பார்க்க முடியாமல் திரும்பியவர்கள் நினைவுக்கு வருகிறார்கள். பெயர் முன்னால் வந்துவிட்டது, ஏற்பாடு பின்னால் வரவில்லை.

சரி, பிசகு எங்கே? அந்தச் சென்டருக்குப் பாஸிங் ஏற வேண்டுமானால் அவனைப் பாயின்ட் கார்டாக இறக்க வேண்டும். ஏழடி ஆள் பந்தைத் தட்டிக்கொண்டு வரும் அழகை எதிரணி ரசித்துப் பறித்துக்கொள்ளும். தோல்வி கூடக் கூட ரசிகர்கள் குறைவார்கள், டிக்கெட் வருமானம் இறங்கும். பயிற்சிக்காகத் தோற்று, தோற்றதால் இளைத்து, இளைத்ததால் நல்ல பயிற்சியாளரை வைக்க முடியாமல் போகும் சுழலை அனுபவசாலிகள் ‘பொறுமை’ என்ற ஒரே சொல்லில் மூடிவிடுகிறார்கள். கோப்பைப் போட்டியிலிருந்து வெளியேறியபின் வைக்கும் நட்பு ஆட்டங்களில் இந்தக் கோமாளித்தனத்தை வைத்துக்கொண்டு, லீக் ஆட்டத்தில் ஆளை அவரவர் இடத்தில் இறக்கலாம். அதுதான் ஊடுபயிர். வேகம் குறையும், ஆனால் நடப்பு சீசன் பிழைக்கும்.

இன்னொன்று, எல்லோரும் ஒரே பாடத்தைப் படித்தவர்கள். எல்லோரும் ஒரே மாதிரி வீரர்களை வளர்த்துச் சந்தைக்குக் கொண்டுவந்தால், தக்காளி விளைந்த வருடத்துத் தக்காளி விலைதான் அந்த வீரர்களுக்கும்.

நிஜக் கூடைப்பந்தில் இந்தப் பொறுமையின் உச்சத்தை அமெரிக்காவின் என்.பி.ஏ. லீக்கில் ஆடும் ஃபிலடெல்பியா அணி பார்த்தது. 2013-இல் பொறுப்பேற்ற சாம் ஹிங்கி, தோற்றால் டிராஃப்டில் முன்வரிசை கிடைக்கும் என்ற கணக்கில் அணியை மூன்று வருடம் திட்டமிட்டே பலவீனமாக வைத்திருந்தார். வெற்றிகள் 19, 18, கடைசியில் 82 ஆட்டத்தில் வெறும் 10. 2016 ஏப்ரலில் ராஜினாமா செய்தார். 2014-இல் எடுத்த ஜோயல் எம்பீட் காயத்தால் இரண்டு சீசன் இறங்கவேயில்லை. பிறகு 2023-இல் லீக்கின் மிகச்சிறந்த வீரர் விருது வாங்கினார், அணிக்குக் கோப்பை வரவில்லை. ‘தோற்றுக் கட்டுவது’ தவறு என்று இதை மட்டும் வைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் சான் அன்டோனியோ 1997-இல் டிம் டங்கனை முதல் தேர்வாக எடுத்தபின், 57-ஆவது தேர்வான ஜினோபிலியையும் 28-ஆவது தேர்வான டோனி பார்க்கரையும் வைத்துக்கொண்டு, வருடா வருடம் ஜெயித்தபடியே வளர்த்தது. 1999 முதல் 2014 வரை ஐந்து கோப்பை. வளர்ப்பதற்குத் தோற்றே ஆக வேண்டும் என்பதில்லை.

பஸர்பீட்டரின் பக்கம் நின்று ஒன்று சொல்ல வேண்டும். அங்கே வளர்த்தவனுக்குக் கூலி உண்டு. பல சீசன் தேய்த்து மெருகேற்றிய வீரனை விற்றால் காசு வளர்த்தவன் கைக்கு வரும். தமிழ்நாட்டில் ஒரு பையனை மண் தரையில் பந்து தட்டவைத்து ஆளாக்குவது பள்ளியின் பி.டி. வாத்தியார். அவன் கல்லூரிக்குப் போய், பிறகு இந்தியன் ஓவர்சீஸ் பேங்க், இந்தியன் பேங்க் போன்ற வங்கிகளில் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்குச் சேர்கிறான். மே மாதம் பெரியகுளம் அகில இந்தியப் போட்டியில் அவன் ஆடுவதை வாத்தியார் கேலரியில் உட்கார்ந்து பார்க்கலாம். அவருக்குக் கிடைக்கும் டிரான்ஸ்ஃபர் தொகை அவ்வளவுதான். எங்கள் பக்கத்தில் கூடைப்பந்து அணிகள் ஒரு தலைமுறைக்கு மேல் நிலைக்காததற்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்வேன்.

அக்கா மகன் ஒருவன் பஸர்பீட்டர் ஆடுகிறான். எட்டாவது சீசன். “மாமா, இன்னும் ரெண்டே சீசன், அப்புறம் பாருங்க” என்கிறான். இதையேதான் நான்காவது சீசனிலும் சொன்னான். அப்போது வளர்த்த மூவரையும் இருபத்திரண்டு வயதில் விற்று, அந்தக் காசில் பதினெட்டு வயதில் வேறு மூவரை வாங்கியிருக்கிறான். “அப்ப எப்பதான்டா ஜெயிப்ப?” என்றேன். பதில் இல்லை. இந்த வாரமும் ஏழடிப் பையன் பாயின்ட் கார்டாக இறங்கியிருக்கிறான். 31 புள்ளி வித்தியாசத்தில் தோல்வி. பயிற்சி முடிவு வர இன்னும் மூன்று நாள் இருக்கிறதாம்.