இரண்டாவது தட்டில்தான் ஆட்டம்

அமெரிக்க மெட்டல் குழு மெட்டாலிக்காவின் 'கராஜ் இன்க்.' 1998 நவம்பரில் இரட்டை சிடியாக வந்தது. முதல் சிடியில் பிறர் பாடல்களுக்கு 11 கவர்கள், பெரும்பாலும் அந்த ஆண்டு புதிதாகப் பதிவு செய்தவை. இரண்டாவதில் 1984 முதல் சிங்கிள்களின் பி-சைடுகளிலும், கடைகளில் கிடைக்காமல் போயிருந்த ஒரு இ.பி.யிலும் சிதறிக் கிடந்தவை. பேர் வாங்கிக் கொடுத்தது முதலாவதுதான். 'விஸ்கி இன் த ஜார்' கிராமி விருதே வென்றது. ஆனால் இந்தக் குழுவின் அசல் ஆட்டத்தைக் கேட்க வேண்டுமா, இரண்டாவது சிடியைப் போடுங்கள்.

அதிலும் அந்த இ.பி.யிலிருந்து வந்த முதல் ஐந்து பாடல்கள். 1986 செப்டம்பரில் சுவீடனில் நடந்த பேருந்து விபத்தில் பேஸ் கிட்டாரிஸ்ட் கிளிஃப் பர்ட்டன் இறந்தார். அவர் இடத்துக்கு வந்த ஜேசன் நியூஸ்டெட், குழுவோடு சேர்ந்து வெளியிட்ட முதல் பதிவு 1987-இன் அந்த இ.பி. டிரம்மர் லார்ஸ் உல்ரிச்சின் வீட்டு கராஜில் ஒத்திகை, லாஸ் ஏஞ்சலிஸில் பதிவு. வெளியிலிருந்து தயாரிப்பாளர் யாரும் வரவில்லை. பட்ஜி குழுவின் 'க்ராஷ் கோர்ஸ் இன் பிரெய்ன் சர்ஜரி'யைத் தொடங்கி வைப்பதே பேஸ்தான். கரகரவென்று, பிக் வைத்து அடித்த ஒலி; கிட்டார்கள் வந்து சேர்ந்த பிறகும் அது அமுங்கவில்லை. ஹோலோகாஸ்டின் 'த ஸ்மால் ஹவர்ஸ்' மெதுவாக நகரும் பாட்டு. அங்கே கிட்டாரிஸ்ட் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டின் ரிஃப் விட்டுவைக்கும் இடைவெளிகளைக் கனமாக வைத்திருப்பவர் நியூஸ்டெட். ஐந்தாவது பாடல் முடிந்ததும் அயர்ன் மெய்டனின் 'ரன் டு த ஹில்ஸ்' தொடக்கத்தைச் சுருதி விலகி வாசித்துப் பார்த்துவிட்டு நிறுத்துகிறார்கள். பர்ட்டனை இழந்து ஓராண்டுகூட ஆகாத நால்வர், மறுபடி விளையாடத் தொடங்கியிருக்கிறார்கள்.

அடுத்த ஆண்டு '...அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்' ஆல்பம் வந்தது. அதில் இதே நியூஸ்டெட்டின் பேஸ் காதில் விழுவதே அரிது; மிக்ஸிங்கில் அடக்கிவிட்டார்கள். புதியவருக்குத் திறமை போதவில்லை என்று அந்த ஐந்து பாடல்களைக் கேட்டபின் யாரும் சொல்ல முடியாது. ஆள் முழு ஃபார்மில் இருந்தார், களத்தில் இறக்கிவிட்டு பந்தைக் கொடுக்கவில்லை. மெட்டாலிக்கா எடுத்த முடிவுகளில் எனக்கு இன்றும் ஆறாதது இதுதான்.

இரண்டாவது சிடியிலேயே உள்ள, 1984-இல் பதிவான 'ஆம் ஐ ஈவில்?' பர்ட்டன் காலத்துச் சொத்து. இங்கிலாந்தின் டயமண்ட் ஹெட் 1980-இல் வெளியிட்ட பாட்டு. அந்தக் குழுவைத் தேடி உல்ரிச் பதின்வயதில் இங்கிலாந்துக்கே போனவர். அந்தப் பற்று வாசிப்பில் தெரிகிறது: தொடக்கத்தின் கனத்த நடையை அவசரப்படாமல் நிறுத்தி வாசித்து, பிறகுதான் வேகத்தைத் திறந்துவிடுகிறார்கள்.

அதே சிடியின் மோட்டர்ஹெட் பாடல்கள் நான்கும் 1995 டிசம்பரில், அக்குழுவின் தலைவர் லெம்மியின் ஐம்பதாவது பிறந்தநாளையொட்டி வாசித்தவை. பாலிஷ் எதுவும் இல்லை, தேவையும் இல்லை. 'ஓவர்கில்'லில் மட்டும் உல்ரிச் சற்றுப் பின்தங்குகிறார். மோட்டர்ஹெட் டிரம்மர் ஃபில் டெய்லரின் இரட்டைக் கால் டிரம்ஸ் ஓட்டத்தை எட்டிப் பிடிப்பது லேசான வேலையல்ல.

முதல் சிடியில் ஒலி சுத்தம், தயாரிப்பாளர் பாப் ராக்கின் கைவண்ணம். பல பாடல்களில் ஜாக்கிரதை கூடிவிட்டது. விதிவிலக்கு, மெர்சிஃபுல் ஃபேட் பாடல்களைக் கோத்த 11 நிமிட மெட்லி. ரிஃப் மாறும் ஒவ்வொரு திருப்பத்திலும் ஹெட்ஃபீல்டும் இன்னொரு கிட்டாரிஸ்ட் கிர்க் ஹாமெட்டும் ஒரு இம்மி பிசகாமல் சேர்ந்தே திரும்புகிறார்கள். அதை மட்டும் எடுத்து இரண்டாவது சிடியோடு சேர்த்துக் கேட்பேன்.