நாடக அரங்கக் கல்லூரியும் அதன் பார்வையாளரும்: ஒரு மதிப்பீடு

ஈழத்துத் தமிழ் நாடக வரலாற்றை எழுதுவோர் பிரதிகளையும் நெறியாளர்களையும் வரிசைப்படுத்துவதோடு பெரும்பாலும் அமைந்துவிடுகின்றனர். அந்நாடகங்களை யார் பார்த்தனர், யார் பார்க்க இயலாதிருந்தனர் என்னும் வினா அரிதாகவே எழுப்பப்படுகின்றது. 1978 இல் குழந்தை ம. சண்முகலிங்கம் யாழ்ப்பாணத்தில் தோற்றுவித்த நாடக அரங்கக் கல்லூரியை இவ்வினாவின் அடிப்படையில் நோக்குவதே எமது எண்ணம். 2025 சனவரியில் அவர் மறைந்ததன் பின்னர் புகழுரைகள் பல எழுந்தன. அவற்றுக்கு அவர் உரியவரே. எனினும் புகழுரை மதிப்பீடாகாது.

கல்லூரி தோன்றிய சூழலை முதலில் மனங்கொள்ளுதல் வேண்டும். ஒருபுறம் ஆங்கிலங்கற்ற மத்தியதர வர்க்கத்தினரின் சபா நாடக மரபு, மறுபுறம் வி. வி. வைரமுத்துவின் 'மயான காண்டம்' போன்ற, கோயில் வீதிகளில் விடியும்வரை நிகழ்ந்த இசை நாடகங்கள். அறுபதுகளில் பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் கூத்தினைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொணர்ந்தார். எனினும் இம்மரபுகள் யாவற்றிலும் நடிப்பு என்பது பிறவித் திறனாகவோ குலவழிச் சொத்தாகவோ அண்ணாவியாரிடம் பெறும் பாடமாகவோ கருதப்பட்டது. எழுபதுகளில் கொழும்புப் பல்கலைக்கழகத்தில் நாடக டிப்ளோமாப் பயிற்சி பெற்றுத் திரும்பிய சண்முகலிங்கம், நடிப்பு எவரும் கூடிப் பயிலத்தக்க ஓர் உழைப்பு என்று நிறுவ முற்பட்டார். இலாபம் கருதாத இச்சிறு குழுவில் ஆசிரியரும் எழுதுவினைஞரும் மாணவரும் ஒன்றாகப் பயின்றனர். உடலசைவும் குரலும் குழுவின் ஒத்திசைவும் களப்பயிற்சியின் பொருளாயின. தனிநடிகரின் புகழ் என்னும் சபா காலத்து விழுமியம் இங்கு தளர்வுற்றமையே கல்லூரியின் முதற் சாதனை எனலாம்.

உள்ளடக்கத்திலும் இம்மாற்றம் புலப்பட்டது. அ. தாசீசியஸின் 'பொறுத்தது போதும்' சம்மாட்டியின் பிடியிலிருந்து மீள எழும் மீனவரைக் காட்டியது. சி. மௌனகுருவின் 'சங்காரம்' வடமோடிக் கூத்தின் ஆட்டத்தையும் தாளத்தையும் கொண்டு சாதி, வர்க்கம் முதலியவற்றை அரக்கராக்கி, உழைப்பாளர் அவற்றை வெல்வதாக அமைத்தது. கூத்தின் அரசரும் அசுரரும் இருந்த இடத்தில் சமூக முரண்பாடுகளே பாத்திரங்களாயின. பழைய வடிவம் புதிய வர்க்கத்தின் குரலுக்கு இடங்கொடுத்தது.

இங்கேதான் எமது வினா எழுகின்றது. பல்கலைக்கழகம் அமைந்துள்ள திருநெல்வேலிக்கு அடுத்த ஊர் கொக்குவில். அது நெடுங்காலம் சுருட்டுத் தொழிலுக்குப் பெயர்பெற்றது. சுற்றிய சுருட்டின் எண்ணிக்கைக்கே கூலி. கை ஓய்ந்தால் வருமானம் ஓயும். ஆயினும் அக்கொட்டில்களில் ஒருவர் பத்திரிகையையோ கதையையோ உரத்து வாசிக்க, ஏனையோர் சுற்றியவாறே கேட்டு விவாதித்தனர். எழுத்தறிவு குன்றியவரும் உலக அரசியலைப் பேசினர். உழைப்பை நிறுத்தாமலே கலையையும் கருத்தையும் நுகரும் ஒரு பண்பாடு அங்கே ஏற்கெனவே இருந்தது. வாசிப்பவர் ஓர் எடுத்துரைஞர்; கேட்போர் குறுக்கிட்டு வினவும் பார்வையாளர். அரங்கியலார் மேலைத்தேயத்து பிறெக்ற்றிடம் தேடிய உறவு சுருட்டுக் கொட்டிலில் முளைவிட்டிருந்தது. நகர மண்டபத்தில் மாலையில் தொடங்கும் நாடகமோ, வேலை முடித்து, உடை மாற்றி, நுழைவுச்சீட்டுடன் வரக்கூடியவரையே எதிர்நோக்கியது. சுரண்டலைப் பற்றிய நாடகத்தைச் சுரண்டப்படுவோர் காண்பது அரிதாயிற்று. இது தனிமனிதர் எவரதும் குறையன்று; நாடகக் குழுவின் வர்க்க அடித்தளம் அதன் நேரத்தையும் இடத்தையும் நிர்ணயித்ததன் விளைவு.

இம்முரண்பாட்டைச் சண்முகலிங்கமே உணர்ந்திருந்தார் என்பதற்கு 'மண் சுமந்த மேனியர்' சான்று. 1985 இல் க. சிதம்பரநாதனின் நெறியாள்கையில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் கலாசாரக் குழு அளித்த இந்நாடகம் கிராமங்களை நாடிச் சென்றது. பிட்டுக்கு மண் சுமந்த இறைவனின் கதையை நினைவூட்டும் தலைப்பு, மண்ணைச் சுமப்பவர் உழவரே என்று பொருள் மாறி நின்றது. ஒடுக்குமுறையின் அச்சம் சூழ்ந்த காலத்தில், மக்கள் தம் துயரைத் தம்மூரிலேயே கூடி நின்று கண்டனர். மண்டபத்தின் எல்லையை நாடகம் தாண்டியது, பார்வையாளர் மாறினர், அதனால் நாடகத்தின் பொருளும் மாறியது.

எனினும் அவ்வழி தொடர்ந்து வளரவில்லை. 1987 இன் போரும் 1995 ஒக்ரோபரின் வலிகாம இடப்பெயர்வும் நடிகரையும் பார்வையாளரையும் ஒருங்கே சிதறடித்தன. அதேவேளை நாடகமும் அரங்கியலும் உயர்தர வகுப்பிலும் பல்கலைக்கழகத்திலும் பாடமாயிற்று. கிராமத்து மாணவர்க்கும் அரங்கறிவு எட்டியது பெரும்பேறே. ஆனால் களப்பயிற்சியாக இருந்தது புள்ளி பெறும் விடையாகச் சுருங்கும் ஆபத்தும் உடன் வந்தது. ஆய்வாளராகிய நாமும் பிரதிகளைப் பதிப்பித்தும் விளக்கியும் இச்சுருக்கத்துக்குத் துணைபோயுள்ளோம் என்பதை ஒப்புக்கொள்ளுதல் வேண்டும்.

இன்று கொக்குவிலில் சுருட்டுக் கொட்டில்கள் அருகிவிட்டன. ஆனால் எண்ணிக்கைக்குக் கூலி பெறும் உழைப்பு அழிந்துவிடவில்லை. ஆடைத் தொழிற்சாலையிலும் கட்டட வேலைத்தலத்திலும் வேறுருவில் அது தொடர்கின்றது. நாடக அரங்கக் கல்லூரியின் மரபுக்கு உரிமை கோருவோர் அவர்தம் ஓய்வு நேரம் எது, அவர் கூடும் இடம் எது என்று முதலில் கேட்டறிதல் வேண்டும். பிரதியை அதன் பின்னர் எழுதலாம்.