அறுபது நாள் தோள்

கவிதையை வாசிப்பதுபோலவே காப்பீட்டுப் பத்திரத்தையும் வாசிக்கலாம். அது எந்த உடலைப் பற்றிப் பேசுகிறது, எந்த இடத்தில் பேச்சை நிறுத்திக்கொள்கிறது என்று பார்த்தால் போதும்.

என் வலது தோளில் கிழிந்த தசைநாணைத் தைத்த பிறகு நான் கவனமாக வாசித்தது அப்படியொரு பத்திரத்தைத்தான். குறைந்தது 24 மணி நேரம் மருத்துவமனையில் படுத்தால்தான் அதற்கு நாம் நோயாளி. வீடு திரும்பியபின் 60 நாள்வரை செலவைத் தரும். 2020இல் அறிமுகமான ‘ஆரோக்கிய சஞ்சீவனி’ என்ற பொதுத் திட்டத்திலும் இதே 24 மணி, இதே 60 நாள்.

தோளின் கணக்கு வேறு. முதல் நான்கு முதல் ஆறு வாரம் கை பட்டியில் தொங்கும். பிறகுதான் மெல்ல உயர்த்திப் பழக வேண்டும். தசைக்கு வலுவேற்றும் பயிற்சி பெரும்பாலும் 12ஆம் வாரத்தை ஒட்டித்தான் தொடங்கும். அதற்கு மூன்று வாரம் முன்பே பத்திரம் விடைபெற்றுவிடுகிறது.

பிசியோதெரபிக்கு ஒரு தடவைக்கு 500 ரூபாய். தொடர்வதா, நிறுத்துவதா? “அதான் சமைக்கிற அளவுக்குக் கை வந்துடுச்சே” என்றார்கள் வீட்டில். சிகிச்சையாளர் கையின் உயரத்தைக் கோணமானியால் அளக்கிறார். வீடு அடுப்பால் அளக்கிறது. கரும்பலகையின் மேல்விளிம்பு, பேருந்தின் மேல்கம்பி, புத்தக அலமாரியின் மேல்தட்டு எதுவும் அந்த அளவுகோலில் இல்லை. “வீட்டிலேயே செஞ்சுக்கலாமே” என்பது அடுத்த யோசனை. என் கைக்கு ஓய்வு தராத இடமும் அந்த வீடுதான்.

காப்பீடு என்பது கணக்கு, கருணை அல்ல என்பார்கள். கணக்கென்றே வைத்துக்கொள்வோம். அறுவைச் சிகிச்சைக்குப் பணம் கொடுத்துவிட்டு, அதன் பலன் கைக்கு வருமுன் விலகுவது என்ன கணக்கு? 2021இல் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் இயன்முறைச் சிகிச்சையை வீட்டு வாசலுக்கே கொண்டுபோகிறது. படுக்கையைவிட்டு எழுந்த பின்னும் சிகிச்சை உண்டு என்பதை அரசு ஏற்றிருக்கிறது. பத்திரம் இன்னும் ஏற்கவில்லை.

வாரத்துக்கு இரண்டு தடவை என்று நான் தொடர்கிறேன். இதை என் மன உறுதி என்று சொல்லமாட்டேன். மாதம் நாலாயிரம் எடுத்துவைக்க முடிகிற சம்பளம் எடுத்த முடிவு. அதே துறையில் தொகுப்பூதியத்தில் பாடம் நடத்தும் தோழிக்கு இந்தக் கேள்வியே எழாது. “இவ்வளவு போதும்” என்று அவள் நிறுத்திவிடுவாள். அதைச் சிக்கனம் என்று மெச்சுமுன், அந்தப் ‘போதும்’ யார் வைத்த அளவு என்று கேளுங்கள்.