‘இங்கே வா’ முதல் இலக்கத் தராசு வரை: தோட்டத்துப் புதியவரும் கற்பிக்கும் கருவியும்

தொழிலுக்குப் புதியவரைப் பயிற்றும் கருவி, கற்பவரின் வேகத்துக்கும் பிழைக்கும் ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்ளல் வேண்டும் என்பது இன்று பெரிதும் பேசப்படும் கருத்தாகும். இக்கருத்து புதியதன்று. 1956இல் பிரித்தானியரான கோர்டன் பாஸ்க், றொபின் மக்கினன்-வுட் ஆகியோர் துளை அட்டை இயந்திரத்தில் விசை தட்டுவோரைப் பயிற்றுதற்கு ஒரு பொறியை அமைத்தனர். கற்பவர் தடுமாறும் விசைக்கு அது கூடிய நேரம் அளித்தது. தேர்ச்சி பெற்ற விசைக்குத் துணைக்குறிப்பை மெல்ல மெல்ல விலக்கிற்று. இன்றைய கணினிப் பயிற்சிகள் பலவும் அதன் வழித்தோன்றல்களே. ஆயின் இத்தகைய கருவி எதுவாயினும் அதனிடம் நாம் முதலிற் கேட்கவேண்டிய வினா ஒன்றுண்டு: அது யாருக்காக வளைகிறது, யாரை வளைக்கிறது? மலையகத் தேயிலைத் தோட்டங்களின் வரலாறு இவ்வினாவுக்குத் தெளிவான விடை தருகின்றது.

தோட்டத்திற்குப் புதியவராய் வந்தோர் இருதிறத்தினர். ஒருவர் இங்கிலாந்திலிருந்து வந்த சின்னத்துரை. மற்றவர் தமிழகத்திலிருந்து கங்காணியின் பின் வந்த தொழிலாளர். சின்னத்துரைக்கு நூல்கள் எழுதப்பட்டன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஏ. எம். பெர்குசன் வெளியிட்ட சட்டைப்பைக் கைந்நூலின் பெயர் ‘இங்கே வா’ என்பதாகும். 1915இல் டபிள்யூ. ஜி. பி. வெல்ஸ் எழுதிய ‘கூலித் தமிழ்’ தோட்டத்துரைமாருக்கும் தோட்டத்தொழில் பயில்வோருக்குமெனவே ஒழுங்குசெய்யப்பட்டது.

இந்நூல்களின் சிறப்பை மறுத்தல் நேர்மையாகாது. இலக்கணத் தமிழைப் புகட்டாமல், மலையிலே வழங்கிய பேச்சுத் தமிழையே அவை பாடமாகக் கொண்டன. கற்பவரின் தேவையறிந்து அளவாகக் கொடுக்கும் இப்பண்பு நம் பாடநூல்கள் பலவற்றிற்கு இன்னும் வாய்க்கவில்லை. எனினும் குறை அத்தேவையிலேயே இருந்தது. தலைப்பையே நோக்குக. ‘வாருங்கள்’ என்றொரு சொல் தமிழில் உண்டு. ‘அக்கா’, ‘மாமி’, ‘பெரியம்மா’ என்று முறை சொல்லி அழைக்கும் வழக்கு லயங்களில் உண்டு. அவற்றை விடுத்து இருபது வயது இளைஞனின் நாவில் முதலில் ஏற்றப்பட்டது ‘வா’ என்னும் ஏவலே. பேரப்பிள்ளை கண்ட முதியவளும் அச்சொல்லுக்கே திரும்பவேண்டியிருந்தது. மொழி கற்பிக்கப்பட்டது உரையாடுதற்கன்று, ஏவுதற்கே என்பது இதனாற் புலனாகும்.

தொழிலாளருக்குக் கிடைத்த தாள் வேறு. அதற்குத் ‘துண்டு’ என்று பெயர். இவ்வளவு கடன் தீர்க்கப்படின் இவர்கள் விடுவிக்கப்படுவர் என ஒரு தோட்டத்தில் எழுதிக் கொடுக்கப்பட்ட சீட்டு அது. புதிய தோட்டத்திற்கு அவர்களை அறிமுகப்படுத்தியது அச்சீட்டே. அவர்களது கைத்திறனை அது அறியாது. கடனை மட்டுமே அறியும். 1921ஆம் ஆண்டுச் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. ஆனால் மனிதரை ஓர் எண்ணாகச் சுருக்கும் நோக்கு அத்துடன் ஒழிந்ததெனக் கூறமுடியாது.

அங்ஙனமாயின் தொழிலை அவர்களுக்குக் கற்பித்தது யார்? அயல் நிரையில் நின்ற தாயும் மாமியும் அக்காளுமே. ஈரிலையும் ஒரு மொட்டும் கொய்தல் கேட்பதற்கு எளிது. முற்றிய இலை சேராமல், செடியின் மேல்மட்டம் குலையாமல், சரிவிலே காலூன்றி, மழையிலே படங்கு கட்டிக்கொண்டு இரு கைகளாலும் பறித்தல் எளிதன்று. புதியவளின் கை பின்தங்கும்போது மூத்தவள் அவள் நிரைக்குள்ளும் கை நீட்டுவாள். கை தேறியதும் விலகிக்கொள்வாள். பாஸ்கின் பொறி செய்ததும் இதுவேயன்றோ? கற்பவருக்கேற்ப இசையும் கற்பித்தல் மலையிலே நெடுங்காலம் வழங்கியது. அதற்குப் பெயரும் இல்லை, ஊதியமும் இல்லை.

இன்று சில பெருந்தோட்டக் கம்பனிகள் இலக்கத் தராசுகளைக் கொண்டு கொழுந்தை நிறுக்கின்றன. ஒவ்வொருவர் பறித்த நிறையும் நேரே கணினிக் கணக்கிற் சேருகின்றது. கள்ள நிறை பற்றிய பழைய முறைப்பாட்டுக்கு இது ஓரளவு பரிகாரமாதலால் வரவேற்கத்தக்கதே. இக்கணக்கை அடிப்படையாகக் கொண்டு புதியவரைப் பயிற்றும் கருவிகளும் நாளை வரக்கூடும். அப்போது எழும் இடர் யாதெனில், தராசு கிலோவை மட்டுமே காணும். மலையின் செங்குத்தையும், கவ்வாத்து முடிந்து எத்தனை காலமாயிற்று என்பதையும், வரட்சியையும், செடியின் முதுமையையும் அது காணாது. 2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டபின், பல தோட்டங்களில் பறிக்கவேண்டிய கொழுந்தின் அளவு பற்றிய பிணக்குகள் மூண்டமை நாம் அறிந்ததே. அளவு குறைந்தால் அரைப்பேர். அரைப்பேர் என்பது அரைவயிறு. புதியவளுக்கு மட்டும் பாடத்தை இசைவித்து, அந்த அளவை இசையாத கல்லாக வைத்திருக்கும் கருவி ‘இங்கே வா’ நூலின் புதிய பதிப்பேயாகும்.

கருவியை நிராகரித்தல் தீர்வன்று. தராசையே நிராகரிப்போமாயின் பழைய கள்ளநிறைக்கே மீள்வோம். வேண்டுவன மூன்று. முதலாவது, கருவி தொழிலாளரின் மொழியிலே, அவர் பேசும் மலையகத் தமிழிலே, மரியாதைப் பன்மையோடு பேசுதல். இரண்டாவது, கொழுந்தின் அளவு மலைக்கும் பருவத்துக்கும் ஏற்ப மாறுதலும், அக்கணக்கைத் தொழிலாளரும் பார்த்து வினவ இடமிருத்தலும். மூன்றாவது, புதியவரைப் பழக்கும் மூத்த பெண்ணின் உழைப்பு கற்பித்தல் என ஏற்கப்பட்டு அதற்குரிய பேர் போடப்படுதல். சி. வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்களின் பாடல்களைத் திரட்டியபோது, எழுதப்படாத இலக்கியம் ஒன்று நமக்கு எழுத்தில் வந்தது. எழுதப்படாத தொழிலறிவைத் திரட்டும் பணி இன்னும் எஞ்சியிருக்கின்றது. அதைச் செய்யாமல் ஆக்கப்படும் எக்கருவியும் புதியவரை வேலைக்கு அழைக்குமேயன்றி வரவேற்காது.