சோக் இறங்கும் சத்தம்

மெக்கானிக் அண்ணன் சோக் லிவரைத் தூக்கி இறக்கிவிட்டு, காதைச் சாய்த்துக் கேட்டார். "இறங்கலயே தம்பி!" கறுத்த பிளக், பெட்ரோல் வாடை, சரிந்த மைலேஜ் எல்லாவற்றுக்கும் காரணம் அந்த ஒரு சொல்லில் இருந்தது.

திருவொற்றியூரில் பிறந்த என் பழைய 350 புல்லட்டில் இருப்பது மிக்கார்ப் கார்புரேட்டர். ஜப்பானிய மிக்குனியின் வழிவந்தது. பேர்தான் சோக், காற்றை அடைக்கும் மூடி எதுவும் அதில் கிடையாது. லிவரைத் தூக்கினால் பித்தளை பிளஞ்சர் மேலேறித் தனிவழி ஒன்றைத் திறக்கும். எஞ்சின் இழுக்கும் இழுப்பில் அவ்வழியே கூடுதல் பெட்ரோல் ஏறும். ஆக்சிலேட்டரை முறுக்கினால் அந்த இழுப்பு தளர்ந்துவிடும். குளிர்ந்த வண்டியை முறுக்காமல் உதை என்று பெரியவர்கள் சொன்னது இதனால்தான்.

ஒரு மழைக்காலம் முழுக்க வண்டியை நிறுத்தி வைத்தது என் தவறு. பெட்ரோல் வற்றிப் பிசினாகியிருந்தது. ஈரம்பட்டு வெள்ளைப் பூப்பும் படிந்திருந்தது. பிளஞ்சர் இறங்கி அந்தத் தனிவழியை மூடாமல் பாதியில் ஒட்டிக்கொண்டது.

நானாக இருந்தால் குறடு போட்டிருப்பேன். பித்தளை மென்மையானது, நசுங்கிவிடும். அவர் எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறவைத்தார். காலையில் பெட்ரோலை முழுக்க வடித்து, மிதவையையும் ரப்பர்களையும் கழற்றி, கார்புரேட்டரின் வெறும் கூட்டை வெந்நீரில் இறக்கினார். நெருப்பைக் கிட்டவே விடவில்லை. கூடு துத்தநாகக் கலவை. சூட்டில் பித்தளையைவிட அதிகம் விரியும். அந்த மயிரிழை இடைவெளிக்காகத்தான் அவர் காத்திருந்தார். துணி சுற்றிய விரல்களால் இடமும் வலமுமாக மெல்லத் திருகினார். அசைந்தது. அப்போதும் இழுக்கவில்லை, இன்னும் நான்கு திருகல். தானாக வந்தது.

குழியைத் துணியால்தான் துடைத்தார். உப்புத்தாள் தேய்த்தால் குழி அகன்று, பிளஞ்சர் பொருந்தாமல் போகும். பிளஞ்சரின் அடி ரப்பரில் வளையமாய்த் தடம் விழுந்திருந்ததால் புதிது போட்டார். ஊசித்துளை ஜெட்டில் கம்பி நுழைக்காமல் காற்றடித்தே சுத்தம் செய்தார். பலம் காட்ட வேண்டிய இடமே இந்த வேலையில் இல்லை. இறுக்கம் தளரும் நேரத்தை விரல் அறிந்திருப்பதுதான் கைப்பக்குவம்.

எல்லாம் மாட்டி, லிவரைத் தூக்கி இறக்கினார்.

'டக்.'

அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டார். அப்புறம்தான் கிக்கரில் கால் வைத்தேன்.